திருத்தம்

புளியரைக்குப் போகும் வழியில்
மூடிக்கிடக்கும் அரிசி ஆலையின் கிழக்குச் சுவரில்
செய்யது மசூது வரைந்த லாரியைப் பற்றி
போன ஆடி இதழில் பதினோரு வரி எழுதினேன்.

எட்டுப் பக்கம். நூற்றிருபது பிரதி.
நான் வேலைபார்க்கும் ஜெராக்ஸ் கடையில்
முதலாளி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அடித்து
ஸ்டேப்ளர் போட்டு, ஐந்து ரூபாய்.
வாங்குகிறவர்கள் அநேகமாகப் படம் வரைகிறவர்கள்.
முதலில் தங்கள் பெயரைத் தேடுவார்கள்
அடுத்து
தங்களுக்கு ஆகாதவரின் பெயரை.

நான் எழுதியதில் ஐந்து வரி:
'சரக்கில்லாத லாரி. ஓட்டுநர் இருக்கை காலி.
தார்ப்பாயின் பச்சை மட்டும்
சாரலில் ஊறியதுபோல் கனக்கிறது.
சக்கரங்களில் அவசரம் தெரிகிறது.
இந்த லாரி ஓடாது.'

மசூது மூன்று வாரம் பேசவில்லை.
டீக்கடைக்குள் நான் நுழைந்தால்
பாதி கிளாசை வைத்துவிட்டு எழுந்துபோனார்.
'பதினாறு வருஷம் லாரிக்குப் பெயின்ட் அடிச்சவன்ட்ட
சக்கரத்தப் பத்திச் சொல்லுதா'
என்றது எனக்கு மட்டும் கேட்கவில்லை
என்று நினைத்துக்கொண்டார்.

அச்சன்கோவிலிலிருந்து பஸ்ஸில் வரும் ஷைலஜனுக்குத்
தமிழ் பேச வரும், படிக்க வராது.
அவன் செதுக்கிய பலாப்பலகை அச்சுகளைப் பற்றி எழுதியதைக்
கடைவாசலில் நின்று நானே வாசித்துக்காட்டினேன்.
'ஆறாவது பலகைக்குப் பிறகு சலிப்பூட்டுகிறது'
என்ற இடம் வந்தது.
நாக்கு அதைத் தாண்டி அடுத்த வரியில் போய் நின்றது.
ராத்திரி ஒற்றையில் உட்கார்ந்து எழுதும்போது இருந்த தைரியம்
அவன் முகத்துக்கு நேரே
எங்கே போனதோ.

பலகைகளைத் திரும்பக் கொண்டுபோன அன்று
வனத்துறைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்களாம்.
மரம் ஏது, ரசீது ஏது.
அவனிடம் இருந்த ஒரே காகிதம் என்னுடையது.
காவலர் மூன்றாம் பக்கத்தை
எழுத்துக்கூட்டி, உரக்க, முழுக்கப் படித்திருக்கிறார்.
'பலாமரம்னு போட்டிருக்கு, சரி.
சலிப்பூட்டுதுன்னும் போட்டிருக்கே.
எடுத்துட்டுப் போ.'
அடுத்த மாதம் வந்தவன்
மீதிச் சில்லறையை எண்ணியபடி சொன்னான்:
'அன்னைக்கு ஒரு வாக்கு விட்டுப்போச்சல்லோ, சேச்சி.'

பங்குனியில் தேர்தல்.
ஒரே ராத்திரியில் கிழக்குச் சுவர் வெள்ளையானது.
லாரி நின்ற இடத்தில் ஒரு கட்சியின் பெயர்,
பக்கத்தில் 'முன்பதிவு' என்று
எந்த வருஷம் வரைக்கும் என்பதும்.
போட்டோ எடுத்து வைத்திருந்தவர்கள் மூன்று பேர்.
மூன்று பேரும் லாரிக்கு முன்னால் நின்று
தங்களை எடுத்திருந்தார்கள்.
இரண்டு தோள்களுக்கு நடுவே கொஞ்சம் பம்பர்.
ஒரு காதோரம், நீலமாக, தார்ப்பாயின் முனை.

நீலம்.

பார்த்து இரண்டு நாள் கழித்து எழுதியது அது.
நடுவில் எந்த மரம், எந்தப் பாசி, யாருடைய சேலை
வந்து கலந்ததென்று தெரியவில்லை.
நூற்றிருபது பிரதியிலும் பச்சை.
ஊரில் கேட்டுப்பார்த்தேன்.
எல்லோரும் பச்சை என்றார்கள்,
இதழை வாங்காதவர்கள்கூட.

வைகாசியில் மசூது வடக்குச் சுவரில் ஆரம்பித்தார்.
சட்டைப்பையில் நாலாக மடித்த தாள்,
வேர்வையில் எழுத்து வெளித்தெரிந்தது.
சக்கரங்களுக்கு மட்டும் நாலு நாள்.
நான்காம் நாள் சாயந்திரம் போனபோது
ஏணியில் நின்று தார்ப்பாய்க்குப்
பச்சை அடித்துக்கொண்டிருந்தார்.

'பாய், அது நீலம். நான்தான் தப்பா எழுதிட்டேன்.
திருத்தம் போடுதேன்.'

திரும்பவில்லை.
'கடையில பச்சைதான் இருந்துச்சு' என்றார்.

ஏணிக்குக் கீழே மூன்று டப்பா.
ஒன்றின் மூடி ஓரத்தில்
காய்ந்துபோன நீலம்.

சாரல் விழுமுன்
நோட்டை எடுத்து
முதலில் நிறத்தை எழுதிக்கொண்டேன்.