துணைக்கு ஒருவர்

திருத்தணியில் மாடியறை. பன்னிரண்டு காதுமாட்டி.
முடிந்த படிவத்துக்கு நாற்பது ரூபாய்,
பாதியில் அறுந்தால் கிடையாது.

எண் பள்ளிப்பட்டு. ஆனாலும்
எல்லைக்கு அந்தப்புறக் கோபுரம் எதையோ பிடித்துக்கொண்டு
ஒரு பெண் தெலுங்கில் காத்திருக்கச் சொன்னாள்.
காத்திருந்தேன்.

முனிரத்தினம், எழுபத்து மூன்று.
எடைமேடையில் முப்பது வருடம்.
"பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது ஐயா."
"யாருமில்லம்மா" என்றார்.
இல்லாத யாரோ தம்ளரைக் கீழே வைத்தார்.

ஐந்து சொல் சொன்னேன், இடைவெளி விட்டு,
பயிற்சியில் சொல்லித் தந்தபடி குரலை ஏற்றாமல் இறக்காமல்:
நாற்காலி. மழை. சாம்பல். பூட்டு. நாரத்தை.
கடைசியில் கேட்பேன் என்றேன்.

இன்று என்ன கிழமை?
"வியாழன்" என்றார்.
"செவ்வாய்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்,
பிள்ளையைத் திருத்துவதுபோல.
தறி நாலு தடவை அடித்தது.
"செவ்வாய்னே எழுதிக்கோ."

மாதம்?
ஆவணி என்று வாயெடுத்தவர்
"தை, தை, கரும்பு வாங்கணும்" என்ற குரல் கேட்டு
"தை" என்றார்.

எந்த ஊரில் இருக்கிறீர்கள்?
"நகரி" என்றாள் அவள், அவருக்கு முன்னால்.
பிறந்த வீடாக இருக்கலாம். அதைக் கேட்கக்
கட்டம் இல்லை.
"நகரி" என்றார் அவரும்.
பூஜ்யம் போட்டேன். மூன்றாவது.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதும்
தமிழ் நின்றுவிட்டது.
தொம்பை மூடு, எனபை ஆறு, டெப்பை தொம்மிதி, டெப்பை ரெண்டு,
அரவை ஐது.
நான் விரல் விட்டுச் சரிபார்ப்பதற்குள்
முடித்துவிட்டுச் சிரித்தார்.
"ஏத்தின வண்டியிலேர்ந்து காலி வண்டியைக் கழிக்கணும்.
மிச்சம்தான் சரக்கு. வேற என்ன வேலை செஞ்சேன்?"

அந்த ஐந்து சொற்கள்?
"மறந்துபோச்சு."
ஒன்றுகூடவா?
"ஒண்ணுகூட."
யோசிக்கவே இல்லை. மறந்தவர்கள்
யோசிப்பார்கள், நான் கேட்டிருக்கிறேன்;
மூச்சு ஓட்டைப் பையில் கைவிட்டுத் துழாவும்.

முப்பதுக்கு இருபத்திரண்டு.
கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே.
முகாமுக்கு வரவேண்டும் ஐயா, டாக்டர் பார்க்கணும்.

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றார்.
செருப்பு தேய்ந்தது. கதவு. தறிச் சத்தம் பெரிதாகி
அவர் குரல் அதற்குள் குனிந்து வந்தது:
"துணைக்கு ஒருத்தர் வரலாமா?"
வரணும் ஐயா. கட்டாயம்.
"துணைக்கு வர்றவங்களையும் டாக்டர் பேசவைப்பாரா?"
பேசவைப்பார்.
"அவளுக்குன்னு கூப்பிட்டா வரமாட்டா. மூணு தடவை
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பியாச்சு.
எனக்குன்னா வருவா."

பிறகு, லாரிக்காரனுக்குச் சீட்டு வாசிப்பதுபோல,
"நாற்காலி, மழை, சாம்பல், பூட்டு, நாரத்தை.
நீ எதையும் மாத்தாதே."

சுட்டி இருபத்திரண்டின் மேல் நின்றது.
மேற்பார்வையாளர் சுப்ரஜா என் நாற்காலிக்குப் பின்னால்
நடந்து போனாள். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு படிவம்
திரும்பி வந்திருக்கிறது எனக்கு.
கருத்து என்ற இடத்தில் நாற்பது எழுத்துதான் கொள்ளும்.
'துணை வருபவரையும் பார்க்கவும்' என்று தட்டினேன்.
கொண்டது.

துணை வருபவர் பெயர்?
"பங்காரம்மா" என்றவர் உள்ளே போய்
போனை அவளிடமே கொடுத்துவிட்டார்.

"அவருக்கு நினைவு தப்புதாம்மா?" என்றாள்.
தாழ்ந்த, பொறுப்பான குரல்.
"எனக்கு முன்னாடியே தெரியும். கிழமையே தெரியலை பாரு.
நான் கூட்டிட்டு வரேன், நீ பயப்படாதே.
எப்போ வரணும்?"

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

"இன்னிக்குத்தானே" என்றாள்.
"இதோ, புடவை மாத்திட்டு வந்துடறோம்."