வால்வு

வெறும் வயிறு வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டாம்,
வந்தால் போதும் என்றிருந்தார்கள்.
புரசைவாக்கத்தில், இன்னும் திறக்காத
ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடி.
பெஞ்சு முழுக்கப் பெண்கள்,
மடியில் பாட்டிலோடு
மூத்திரம் முட்டக் காத்திருக்கிறார்கள்.
"ஸ்க்ரோட்டல் டாப்ளர் யாருப்பா?"
நான் இல்லை.
சுவரில் சிரிக்கும் குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"தேசிங்கு! ஓட்டேரி தேசிங்கு!"
அதற்குமேல் ஒளிய இடமில்லை.

உள்ளே ஏசி. கட்டிக்கொள்ள ஒரு பச்சைத் துணி.
டாக்டர் முகத்தைப் பார்க்காமலே பேசினார்,
அதற்கு நன்றி.
ஜெல் பட்டதும் உடம்பு சுருண்டு உள்ளே ஓடப் பார்த்தது.
திரையில் வெறும் சாம்பல்.
ஏதோ பொத்தானை அழுத்த, சாம்பலுக்குள்
சிவப்பு, நீலம்.

"நீலம் கெட்ட ரத்தமா சார்?"
"அதெல்லாம் இல்ல. இந்தக் கருவியைப் பாத்து வந்தா சிவப்பு,
விலகிப் போனா நீலம். அவ்வளவுதான்.
மூச்சைப் பிடிச்சு முக்குங்க."

முக்கினேன்.
இடப்பக்கம் முழுக்க நிறம் புரண்டது.
மேலே ஏற வேண்டியது
கீழே இறங்கி வரும் சத்தம், ஸ்பீக்கரில்.
எனக்குத் தெரிந்த சத்தம் அது.

பதினாறு வருஷமாக, விடிகாலை மூன்றரைக்கு
இரும்பு மூடியைத் தூக்கி
ஆளுயரச் சாவியைச் செருகி
நாலு தெருவுக்குத் தண்ணீர் விடுகிறவன் நான்.
வால்வு பிடிக்காத லைனில்
போன தண்ணீர் வந்த வழியே திரும்பும்போது
குழாய் இப்படித்தான் மூச்சு வாங்கும்.

"ரிட்டர்ன் அடிக்குதா சார்?"
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.
"ஆமா. வால்வு சரியா மூடல.
ரத்தக்குழாய் புடைச்சுத் தேங்கி நிக்குது.
தேங்கினா சூடு. சூட்டுல உயிரணு தாங்காது."
மூன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர் என்று
யாரோ தட்டச்சு செய்தார்கள்.

அம்சவேணிக்கும் குழாய்தான் பார்த்தார்கள்.
எழும்பூரில், போன ஆடிக்கு முந்தின ஆடி,
மருந்தை ஏற்றி, எங்கே அடைப்பு என்று.
அவள் கத்தினது கதவைத் தாண்டிக் கேட்டது.
நான் டீ குடிக்கப் போனேன்.
அடைப்பில்லை என்றுதான் எழுதித் தந்தார்கள்.
அதற்கப்புறமும்,
கடைசி வீட்டில் தண்ணீர் வரவில்லையென்றால்
முதல் வால்வைப் போய்ப் பார் என்று
ஓட்டேரிக்கே சொல்கிறவன்
அவளையே அடுத்த டாக்டரிடம் அனுப்பினேன்.
அதற்கு அடுத்தவரிடமும்.

துடைக்கத் தந்த காகிதம் போதவில்லை.
தொடையில் ஜெல் காய்ந்து இழுக்க
வெள்ளை உறையோடு படியிறங்கும்போது போன் அடித்தது.
"எங்க இருக்க? டூட்டி முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு?"
"வால்வுல பிரச்சனை" என்றேன்.
"எந்தத் தெரு?" என்றாள்.

செருப்புக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.
அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று
நின்றேன்.