காலைத் தூக்குங்க

ஆறு வருஷம் இந்த வார்டைத் துடைத்தவள் நான்.
முகங்கள் எனக்குத் தெரியாது.
மாப் போகிற உயரத்தில் இருப்பவை கால்கள்தான்.

வீங்கிய கால். ஏசிக் குளிருக்கு இரண்டு காலுறை போட்ட கால்.
மெட்டி தளர்ந்து, நழுவாமலிருக்க
நூல் சுற்றிய விரல்.
மருதாணி வைத்த மலாய்க்காரப் பெண்ணின் பாதம்,
நகம் மட்டும் நாவற்பழ நிறத்தில்.

"காலைத் தூக்குங்க" என்பேன்.
"அங்காட் காக்கி" என்பேன்.
மலாயில் அதற்கு
கிளம்பிப் போய்விடு என்றும் ஓர் அர்த்தம் உண்டு.
இருபது ஜோடிக் கால்கள் சொன்னபடி எழும்பி
ஈரம் காயும்வரை அந்தரத்தில் நிற்கும்.

சில செருப்புகள் மூன்று வாரத்துக்கொரு முறை வரும்.
பிறகு வராது.
குணமாகிவிட்டது என்றே
நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

இப்போது ஏழாம் நாற்காலி எனக்கு.
இதன் இடப்பக்கச் சக்கரத்தில் எப்போதும் முடி சிக்கும்.
கத்தரிக்கோலால் எத்தனை முறை
வெட்டி எடுத்திருக்கிறேன்.
யார் முடி என்று கேட்டதில்லை.

விடியுமுன் பாகான் டாலாமிலிருந்து கிளம்பி
பெர்ரியில் நின்றுகொண்டே வந்தேன்.
உட்கார்ந்தால் எஞ்சின் உதறல் வயிற்றுக்கு ஏறும்.
வாயில் ஓர் ஆசாம்போய்க் கொட்டை,
மடியில் பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை.
போன வாரமும் இதே பெர்ரி, இதே பை.
வெள்ளை அணு போதவில்லை என்று
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
அணு என்ன கடைச் சாமானா,
கடனுக்கு வாங்கிக்கொண்டு வர?

கவுண்டரில் கட்டுவது சில வெள்ளிதான்.
கட்டணத்தில் சேராதது
குணாளன் ஸ்கூல் வேனை நிறுத்திய நாள்கள்,
பாதியில் விட்ட கூட்டுப்பணம்,
மூன்றாம் மாதமே என் பெயரை அடித்துவிட்டு
"சுகமானதும் வாங்க அக்கா" என்ற கம்பெனி.
இன்னொரு மருந்து இருக்கிறதாம்.
டாக்டர் அதன் பெயரை மெதுவாகச் சொன்னார்,
விலையை அதைவிட மெதுவாக.
அப்புறம் என் நகைக்கழுத்தைப் பார்த்தார்.
அங்கே மஞ்சள் கயிறு.

மிஸ்ஸி நோர்லேலா
சிவப்பு மருந்தைக் கையாலேயே அழுத்தி ஏற்றுகிறாள்.
ரோஸ் சிரப் நிறம். பண்டோங் கலக்க ஆகும்.
ஐஸ் கட்டியை வாயில் போடச் சொல்கிறாள்.
பக்கத்து நாற்காலியில் அங்கிள் தியோ
குதிரைப் பந்தயத் தாளைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடியிருக்கிறார்.

வீட்டில் இரண்டு நாள் சிறுநீர் சிவக்கும்.
கக்கூசை நானே கழுவுவேன், இரண்டு கையுறை போட்டு.
முன்பு கம்பெனி எங்களுக்கு ஒரு ஜோடிதான் கொடுத்தது.
ஊதாப் பைக்கு மட்டும் தனித் தொட்டி ஏன் என்று
யாரும் சொல்லவில்லை.
அதனால்தானோ இது? கேட்டேன்.
அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.
அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு மாப் வந்தது.
ஓசையிலேயே தெரியும்,
வாளியின் பிடி ஒருபக்கம் கழன்ற வாளி.
பவளக்கொடி. என் பழைய ஷிப்ட்டுக்காரி.
நான் ஸ்கார்ஃபை இறக்கிவிட்டுக்கொண்டேன்.
வரிசையாக வந்தாள், குனிந்தபடியே,
ஒன்று, மூன்று, ஐந்து.
என்ன செய்வதென்று தெரியாமல்
சொல்லுமுன்பே காலைத் தூக்கினேன்.

தரை எனக்குக் கீழே நனைந்தது.
லைசால் நெடி குமட்டவில்லை.
சம்பள நாள் வாசனை அது.

மாப் நின்றது. நகரவில்லை.

"இது குணாளண்ணன் ஜப்பான் செருப்பு இல்ல?"

வீக்கத்துக்கு என்னுடையது நுழையவில்லை
என்று சொல்லியிருக்கலாம்.
"இடது காலுக்கு அடியில ஒரு கல்லு விட்டுட்ட" என்றேன்.

மறுபடி துடைத்தாள்.
அந்த ஒரே கல்லை,
காய்வதற்குள் திரும்பத் திரும்ப.
கால் கடுத்தது.
இறக்கவில்லை நான்.