பூண்டுப் பரண், மன்னவனூர்

பாகம் பிரிக்க அளந்து தரச் சொன்னார்கள்.
கிழக்குப் பாதி அமராவதிக்கு,
மேற்குப் பாதி தம்பி வேலப்பனுக்கு,
நடுவில் ஒரு கோடு.
வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போது
அவ்வளவுதான் வேலை என்றிருந்தேன்.

உள்ளே போனதும் கண் எரிந்தது.
பரண் முழுக்கப் பூண்டுக் கட்டுகள்,
தலைகீழாக,
கீழே சாம்பல் குழியில்
தீ இல்லாத புகை.
லேசரை அழுத்தினேன்.
வெளியே வெறும் புள்ளியாய் இருந்தது
இங்கே சிவப்பு நூலாகி
நேரே போய் உத்திரத்தைத் தொட்டது.
பதினோரு அடி நாலு அங்குலம்.

உத்திரம் ஒரே மரம்.
கிழக்கு மேற்காக இருபத்தேழு அடி,
எங்கும் ஒட்டில்லை.
மலை நாவல் என்றார் வேலப்பன்.
காட்டுச் செண்பகம் என்றார் அமராவதி.
அதிலும் ஒத்துப்போகவில்லை.

பொதிக்குதிரை உள்ளே வந்து திரும்பட்டும் என்று
நடுவில் கால் ஊன்றாமல் விட்டிருக்கிறார்கள்.
என் கோடு சரியாக அங்கே விழுந்தது.
தரையில் ஒன்றுமே இல்லாத இடம்,
தலைக்கு மேலே
மொத்தக் கூரையும் கூடிப் பேசுகிற இடம்.
கைமரம் உத்திரத்திடம் சொல்ல,
உத்திரம் முட்டுச் சட்டத்திடம் சொல்ல,
அது மூலைக் காலின் காதில் போட,
கால் கல்லோடு முடித்துக்கொள்கிறது.
கிழக்கே பெய்த மழையின் பாரத்தில்
பாதியை மேற்குக் கல் சுமக்கிறது.
எந்தப் பத்திரத்திலும் இது ஏறவில்லை.

ஆணி தேடினேன்.
தகரம் அடித்தது மட்டும்தான்,
அதுவும் போதைப்புல்லை எறிந்த வருடம்.
ஈரப்புல் இறங்கிய அன்று
உத்திரம் ஒரு நூல் அளவாவது
நிமிர்ந்திருக்கும்.
மற்றதெல்லாம் பொளியும் நாக்கும்,
குறுக்கே ஒரு மரமுளை.

ஒவ்வொரு இணைப்பிலும் உளிக்கீறல்.
டார்ச் அடித்துப் பார்த்தால், எண்கள்.
௩ என்ற காலில் ௩ என்ற நாக்கு,
௫க்குள் ௫.
தரையில் கோத்துப் பார்த்து, கழற்றி,
மறுபடி மேலே கோத்திருக்கிறார்கள்.
வடமேற்கு மூலையில் மட்டும்
௮இன் பொளிக்குள் ௭.
இடைவெளியில் விரல் தடிமனுக்கு ஒரு ஆப்பு.
அன்றைக்கு மழையோ, கூலித் தகராறோ,
தச்சனுக்கே தெரியாதோ.
நிலக்கோட்டையில் நானும் ஒருமுறை
ஏழு இருக்கவேண்டிய இடத்தில் எட்டு எழுதி
ஒரு குடும்பத்தை மூன்று வருடம்
கோர்ட்டுக்கு நடக்கவிட்டேன்.
இந்தத் தப்பு அப்படி இல்லை,
கூரையைத் தாங்குகிறது.
ஆப்பைத் தட்டிப் பார்த்தேன்.
அசையவில்லை.

வேலப்பன் மூலையைக் காட்டினார்.
சாக்கு மூடிய மின்ரம்பம்.
"கோட்டில ஒரு அறுப்பு,
ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கால்.
என் பாதியில ரூம் கட்டி
சீசனுக்கு விடலாம்."
சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு
ஏணி வைத்து ஏறினார்,
உத்திரத்தில் குறி போட.

மேற்கே அவர் கால் வைத்தார்.
கிழக்கே, அக்காவின் தலைக்கு மேல்,
பூண்டுக் கட்டுகள் ஆடின.

கால் மாற்றி வைத்தார்.
மறுபடி ஆடின.
ஒரு சருகு இறங்கி
அமராவதியின் தோளில் உட்கார்ந்தது.
அவர் தட்டிவிடவில்லை.
"இறங்கு" என்று மட்டும் சொன்னார்.
சொன்னது பயத்திலா, உரிமையிலா,
எனக்குத் தெரியாது.
என் கருவி நீளம் மட்டும்தான் அளக்கும்.

வெளியே வந்து மடியில் வைத்து எழுதினேன்:
தரை, இரண்டு பாகம்.
உத்திரமும் அதற்கு மேலுள்ளவையும்
பிரிக்காமல் பொதுவில்.
"பொது"வை வேலப்பன் இரண்டு தடவை படித்தார்.
அப்புறம் என் கூலியைக் குறைத்துக் கேட்டார்,
கோடு பாதிதானே போட்டீர்கள் என்று.

குறைத்துக்கொண்டேன்.
ஆளுக்கொரு கட்டு பூண்டு கொடுத்தார்கள்,
ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல்.
பஸ்ஸில் கூட்டம்.
என் பக்கத்து இருக்கை மட்டும்
கொடைக்கானல் வரை காலி.