மூன்றாம் நாள் வாளி

கம்பு, குருணை, கொஞ்சம் உடைத்த சோளம்.
மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்க
பெயிண்ட் வாளியை மூடியும் மூடாமலும் வைக்கணும்.
இறுக்கினால் ராத்திரி தெறிக்கும்.

முக்கூடல் பீடிக் கடையில்
கட்டு ஒப்படைக்க நிற்கையில்
முப்பிடாதி சொன்ன கணக்கு:
தீனிச் செலவு குறையும், முட்டை ஓடு கெட்டிப்படும்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
மறுநாள் ஓரத்தில் நுரை.
மூன்றாம் நாள் புளிச்ச வாடை
கூட்டைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி
இவர் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது.

குடியை விட்டு இருபத்துமூன்று நாள்.

முழிப்புத் தட்டியபோது கட்டில் காலி.
புறவாசலில் வாளி முன்னால்
மூடியைக் கையில் வைத்துக்கொண்டு
குத்தவைத்திருந்தார்.
நான் கூப்பிடவில்லை.
விடிந்ததும் கொட்டிவிடலாம் என்றிருந்தேன்.

"ஏட்டி, தண்ணி வத்திக் கெடக்கு," என்றார் திரும்பாமலே.
"மேல உள்ள கம்பு காயுது. பூசணம் புடிச்சிரும்லா."

செம்பில் மொண்டு ஊற்றி
அகப்பைக் காம்பால் கிண்டினார்.
கை நடுங்கியது.
கொஞ்சம்தான்.

காலையில் மொட்டைக்கழுத்துப் பெட்டை
முதல் வாய் கொத்திவிட்டுத் தலையை உதறியது.
இவர் முழங்காலில் தெறித்து ஒட்டிய குருணையை
அதுவே வந்து எடுத்துக்கொண்டது.