பதவிப் பெயர் பின்னர்

மஸ்கட்டிலிருந்து வந்த தாளில்
என் புது வேலை இரண்டே வரி:
வீடுகளுக்குச் செல்ல வேண்டும்.
பதவிப் பெயர் பின்னர்.

பெயர் வரவில்லை,
யஹ்யாவின் பிக்கப் வந்தது.
இப்ராவுக்கு மேலே, வெள்ளம் வடிந்த வாதியில்
கூழாங்கல் மேல் குலுங்கிக் குலுங்கி
பி.பி. மெஷினை மடியில் இடுக்கிக்கொண்டு
ஏழு வீடு.

முதல் வீட்டில் டாக்டர் எங்கே என்றார்கள்.
அடுத்ததில் நொண்டும் ஆட்டைக் காட்டினார்கள்.
மூன்றாவதில் ஸுவைதா.
கால்விரலில் ஆறாத புண்,
தட்டு நிறையப் பேரீச்சம்பழம், கஹ்வா.
வேண்டாம் என்பதற்கு அரபியில் சொல் உண்டு;
அந்த வாசலில் அது செல்லாது.

ஊசியை எடுத்தேன்.
விரல்களை மடக்கிக்கொண்டாள்:
"முதலில் உனக்கு."

குத்தினேன்.
மீட்டரில் பன்னிரண்டரை;
நம்மூர்க் கணக்கில் இருநூற்று இருபத்தைந்து.
மார்த்தாண்டத்தில் அப்பாவுக்கு எடுத்த காலும்
நைட் ஷிப்டில் எனக்கு வறண்ட நாக்கும்
பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

மீட்டரை அவள் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தாள்.
தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்,
கொஞ்சம் யோசித்து
வெளியே நின்ற யஹ்யாவுக்கு அனுப்பிவிட்டு
விரலை நீட்டினாள்.

மாதப் படிவத்தில்
பார்த்த நோயாளிகள் ஏழு என்று எழுதி
எட்டு என்று திருத்தினேன்.