முந்நூறு நொடி

ரெண்டே கால் மணிக்கு
மஹ்பூலாவில் மின்சாரம் கண் சிமிட்டியது.
ரவுட்டர் செத்துப் பிழைத்தது.
பிழைத்தபோது அதற்கு வேறு எண்.

கம்பெனிக்காரன் கொடுப்பது எல்லாமே வாடகை எண்தான்.
நேற்றுவரை யாருடையதோ.

சமையலறையில்
அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே
சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினி.
ஐந்து நிமிடத்துக்கொரு தரம்
வெளியே தலை நீட்டிக் கேட்கும்:
நான் இப்போது எங்கே இருக்கிறேன்?
பதில் பழையதென்றால் பேசாமல் படுத்துக்கொள்ளும்.
புதியதென்றால்
எங்கோ ஒரு பதிவேட்டில்
எங்கள் பெயருக்கு எதிரே
பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதும்.

பதினோரு வரி நிரல். எழுதியது நான்.
லிஃப்ட் மெக்கானிக்குக்கு அதற்கு மேல் வராது.

ஜெசிந்தாவுக்கு ஃபர்வானியா ஆஸ்பத்திரியில் இரவு.
எனக்குப் பகல்.
வெள்ளிக்கிழமை தவிர
அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் குடித்தனம்.
'மீன் குழம்பு நீலச் சட்டியில்.'
'குழாய்க்காரன் வரவில்லை.'
'இருமல் எப்படி?'

இன்று ரெண்டு பதினேழுக்கு அவள் தட்டியது
பழைய எண்ணின் கதவை.
அது அதற்குள் வேறு யார் வீட்டிலோ தொங்கியது.
யாரும் திறக்கவில்லை.
தெரிந்த விலாசத்தை முந்நூறு நொடி நம்பலாம்
என்று குறித்துவைத்தவனும் நான்தான்.

எங்களுக்கும் தபால் வருகிறது,
மெல்வின் ரெபெல்லோ பெயருக்கு.
நாலு வருடம் முன்பு காலி செய்து போனவர்.
கார்க் கடன் பாக்கியாம்.
ஜெசிந்தா பிரிப்பதில்லை, ஃபிரிட்ஜ் மேல் அடுக்குகிறாள்.
பதினாறு.

சிவில் ஐடியில் நாங்கள் இன்னும்
ஹவல்லியில், ஆறாம் மாடியில்.
கட்டடத்தை இடித்தாயிற்று.
போய்ப் பார்த்தேன்.
நான் கிரீஸ் போட்ட லிஃப்டின் குழி மட்டும்
மணலும் பெப்சி டப்பாவுமாகக் கிடந்தது.
விலாசம் மாற்ற ஒப்பந்தம் வேண்டும் என்கிறார்கள்.
ஒப்பந்தம் மெயின் குடித்தனக்காரர் பெயரில்.
அவர் கெய்ரோவில்.
மூன்று வியாழக்கிழமை டோக்கன் எடுத்தேன்.
அந்தக் கவுண்டருக்கு எத்தனை நொடி என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.

ரெண்டு இருபத்து மூன்றுக்கு மறுபடி தட்டியிருக்கிறாள்.
திறந்திருக்கிறது.
'முதலில் யார் வீட்டையோ தட்டிவிட்டேன் போல.
பெட் ஒன்பது நாளை வீட்டுக்குப் போகிறார்.
மாவை வெளியே எடுத்து வை.'

ஐந்தே முக்காலுக்கு, ஒரு காலில் ஷூவோடு,
அதன் கீழே எழுதினேன்:
'வைத்தேன்.
ரெபெல்லோவுக்கு இன்னொன்று. பதினேழு.'